உரிமம் என்ற ஒரு சொல், இரு செயல்கள்: தனியுரிமை மென்பொருளும் கட்டற்ற மென்பொருளும் – தமிழ் ஆய்வுச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தனியுரிமை மென்பொருளை உரிமமின்றிப் படியெடுத்துப் பயன்படுத்துவதும், கட்டற்ற மென்பொருளைப் பதிவிறக்கிப் பயன்படுத்துவதும் ‘பணம் கொடாமல் பெறுதல்’ என்ற ஒரே வகையில் வைத்துப் பேசப்படுகின்றன. சட்ட நோக்கில் இவை எதிரெதிரானவை. முன்னது பதிப்புரிமையை மீறுவது. பின்னது பதிப்புரிமையின் மேலேயே கட்டப்பட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், உச்ச நீதிமன்றத்தின் 2004, 2021 ஆண்டுத் தீர்ப்புகள், கட்டற்ற உரிமங்கள் தொடர்பான அயல்நாட்டு வழக்குகள் ஆகியவற்றின் துணைகொண்டு ‘உரிமம்’ என்னும் சொல் இவ்விரு வகை மென்பொருளிலும் செய்யும் வேலை வேறுவேறானது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உரிமமற்ற படிகள் தனியுரிமை நிறுவனங்களைவிடக் கட்டற்ற மாற்றுகளையே மிகுதியாகப் பாதிக்கின்றன என்பதும், தமிழ் எழுத்துருக்களும் ஆய்வேடுகளும் இச்சிக்கலில் எவ்வாறு அகப்பட்டுள்ளன என்பதும் தொடர்ந்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, உரிமம், உரிமமீறல், தனியுரிமை மென்பொருள், கட்டற்ற மென்பொருள், ஜிபிஎல், எழுத்துரு உரிமம், தமிழ்க் கணிமை

முன்னுரை

தமிழ் ஆய்வேடு ஒன்று டி.டி.பி. மையத்திற்குச் செல்லும்போது கோப்பு மட்டும் செல்வதில்லை; அதைப் படிப்பதற்குத் தேவையான எழுத்துருவும் பென்டிரைவில் உடன் செல்கிறது. அந்த எழுத்துருவை இன்னொருவர் கணினியில் நிறுவுவதற்கு உரிமம் உண்டா என்ற கேள்வி எழுவதில்லை. மையத்தில் திறக்கப்படும் பக்க வடிவமைப்பு மென்பொருள் பெரும்பாலும் பேஜ்மேக்கரின் 7ஆம் பதிப்பாக இருக்கும். 2001இல் வெளிவந்த அப்பதிப்போடு அதன் வளர்ச்சியை அடோபி நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அப்படிக்கு உரிமம் உண்டா என்ற கேள்வியும் எழுவதில்லை. அதே ஆய்வாளர் மேற்கோள்களைத் தொகுக்க ஜோட்டெரோவையும் புள்ளியியல் கணக்கீட்டிற்கு ஆர் மொழியையும் பயன்படுத்தக்கூடும். இவையும் பணம் கொடாமல் பெறப்பட்டவையே. ஆயினும் முன்னவற்றுக்கும் பின்னவற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவருடைய ஆய்வு முறையியல் இயலில் ஒரு வரியாகவும் இடம்பெறுவதில்லை.

இது ஒழுக்கம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. பத்தாண்டுகளுக்குப் பின் அந்த ஆய்வேட்டைத் திறக்கவும் தேடவும் அதன் கணக்கீட்டை மீண்டும் செய்து பார்க்கவும் இயலுமா என்பது பெருமளவு உரிமத்தைப் பொறுத்தே அமைகிறது.

1. சொற்களால் விளையும் மயக்கம்

தமிழில் இப்பொருளைப் பேச முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது கலைச்சொல் சிக்கலாகும். ‘காப்புரிமை’ என்ற சொல் இதழ்களில் நூலுக்கும் திரைப்படத்திற்கும் உரிய உரிமையையும் குறிக்கிறது. கண்டுபிடிப்புக்கு வழங்கப்படும் பேட்டண்ட் உரிமையையும் குறிக்கிறது. மென்பொருளைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரிப்பது இன்றியமையாதது. இந்தியப் பேட்டண்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலைத் தன்னளவில் ஒரு கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. பதிப்புரிமைச் சட்டமோ 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்பதன் வரையறைக்குள் கொண்டுவந்தது. சட்டத்தின் பார்வையில் ஒரு நாவலும் ஒரு சொற்செயலியும் ஒரே இனம் என்பது இலக்கிய ஆய்வாளருக்கு வியப்பளிக்கலாம். இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த ஒற்றுமையைச் சார்ந்தே நிற்கிறது. நூலுக்குரிய உரிமையைப் பதிப்புரிமை என்றே இக்கட்டுரை குறிக்கிறது.

அடுத்தது ‘திருட்டு’ என்ற சொல். தமிழகத்தில் இச்சொல் திருட்டு விசிடி வழியாக மென்பொருளுக்கு வந்து சேர்ந்தது. குண்டர் சட்டம் என வழங்கப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் 2004இல் திருத்தப்பட்டபோது வீடியோ திருட்டில் ஈடுபடுவோர் அதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டனர். அவ்வரையறை திரைப்படத்தையும் அதன் ஒலித்தடத்தையும் பற்றியது, மென்பொருளைப் பற்றியதன்று. பதிப்புரிமைச் சட்டம் திருட்டு என்று கூறுவதில்லை, ‘மீறல்’ என்றே கூறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1985இல் டவுலிங் வழக்கில், பதிப்புரிமை மீறிய படிகளைத் திருடப்பட்ட பொருள்களோடு ஒன்றாக வைக்க இயலாது என்று கூறியது. பொருளைத் திருடினால் உடையவர் அதனை இழக்கிறார். படியெடுத்தால் உடையவரிடம் பொருள் இருக்கிறது, அவர் இழப்பது படியெடுக்கும் தனியுரிமையை. சொல்லை மாற்றுவதால் குற்றம் குறைந்துவிடாது. ஆயினும் ‘திருட்டு’ என்ற சொல் விலையை நடுவில் வைக்கிறது, ‘மீறல்’ என்ற சொல் அனுமதியை நடுவில் வைக்கிறது. சட்டம் கேட்பது அனுமதியைத்தான்.

மூன்றாவது ‘இலவசம்’. ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் ரிச்சர்ட் ஸ்டால்மன் நெடுங்காலம் விளக்கம் சொல்ல நேர்ந்தது. தமிழுக்கு அந்த இடர் இல்லை. ‘இலவச மென்பொருள்’, ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற இரு தொடர்கள் நம் வழக்கிலேயே உள்ளன. இருந்தும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எழுதப்படுகிறது. தரவக மொழியியலில் பரவலாகப் பயன்படும் ஆன்ட்காங்க் விலையின்றிக் கிடைப்பது. ஆனால் அதன் மூலநிரல் திறந்ததன்று. அது இலவசமானது, கட்டற்றதன்று. ஓப்பன்-தமிழ் என்னும் நிரற்றொகுப்பு எம்ஐடி உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், வணிகப் பொருளிலும் சேர்க்கலாம். இரண்டையும் ஒரே அடைமொழியால் குறிக்கும் ஆய்வுக் கட்டுரை தன் கருவிகளைத் தவறாக வகைப்படுத்துகிறது. கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள் என்னும் இரண்டுக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்டு. முன்னதன் அறக்கட்டளை 1985லும் பின்னதன் அமைப்பு 1998லும் தோன்றின. உரிமங்களைப் பொறுத்தவரை இரு பட்டியல்களும் பெரிதும் ஒத்துப்போவதால் இக்கட்டுரை அவ்வேறுபாட்டிற்குள் செல்லவில்லை.

2. வாங்குவது எதை?

தொடக்கத்தில் மென்பொருள் தனிப்பொருளாக விற்கப்படவில்லை. கணினியோடு சேர்ந்தே வந்தது. 1969இல் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கும் முடிவை அறிவித்தது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய திறந்த மடல், பேசிக் மென்பொருளைப் பணம் கொடாமல் படியெடுப்போரைக் குற்றஞ்சாட்டியது. 1983 ஆகஸ்டில் ஆப்பிள்–பிராங்க்ளின் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், மனிதர் படிக்க இயலாத இயந்திர நிரலும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே என உறுதி செய்தது. அடுத்த மாதமே ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். பூட்டும் அதன் மாற்றும் ஒரு மாத இடைவெளியில் வந்ததைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் பின்னதன் உரிமம் முன்னதில் உறுதியான பதிப்புரிமையின்றி இயங்கியிருக்காது.

இந்தியாவில் இச்சிக்கலைத் தெளிவாக ஆராய்ந்தவை வரி வழக்குகளே என்பது சற்று விந்தையானது. 2004இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ்–ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், பெட்டியில் அடைத்து விற்கப்படும் மென்பொருள் ‘சரக்கு’ என்றும், அதன் மீது விற்பனை வரி விதிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. நூலை வாங்குபவர் தாளையும் மையையும் மட்டும் வாங்குவதில்லை. எனினும் நூல் சரக்கே. மென்பொருளும் அவ்வாறே என்பது அத்தீர்ப்பின் போக்கு.

2021 மார்ச் 2இல் இன்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆப் எக்ஸலன்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் நுட்பமானது. அயல்நாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கும் இந்தியப் பயனர் செலுத்தும் தொகை, பதிப்புரிமையைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தொகையா என்பது வினா. அன்று என்பது விடை. அதற்கு நீதிமன்றம் கூறிய காரணம் இங்கு முதன்மையானது. நிறுவும்போது பயனர் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் ஒப்பந்தத்தில் உரிமம் என்ற பெயர் இருந்தாலும், பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு கூறும் உரிமம் அதுவன்று. படியெடுத்தல், தழுவல் முதலாக 14ஆம் பிரிவு பட்டியலிடும் உரிமைகளில் எதனையும் அது பயனருக்கு மாற்றித் தருவதில்லை. பயன்பாட்டின் மீது கட்டுப்பாடுகளை மட்டுமே விதிக்கிறது. பயனர் பெறுவது ஒரு படி; பதிப்புரிமையில் பங்கன்று.

இத்தீர்ப்பு வரிச் சட்டம் பற்றியதாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. மென்பொருள் உரிமங்களின் ஒப்பாய்வுக்கும் அது ஓர் அளவுகோலாகிறது. அதே அளவுகோலைக் கட்டற்ற உரிமம் ஒன்றின் மீது வைத்துப் பார்த்தால் விடை தலைகீழாகிறது. ஜிபிஎல் உரிமம் பயனருக்குப் படியெடுக்கும் உரிமையையும் தழுவும் உரிமையையும் பரப்பும் உரிமையையும் வெளிப்படையாகவே வழங்குகிறது. அதாவது 14ஆம் பிரிவின் உரிமைகளையே வழங்குகிறது. தனியுரிமை மென்பொருளில் உரிமம் என்பது கட்டுப்பாட்டுக்கு இடப்பட்ட பெயர்; கட்டற்ற மென்பொருளில்தான் உரிமம் சட்டம் கருதும் பொருளில் உரிமமாக இருக்கிறது. 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதில் கையொப்பமும் வேண்டும் என்ற நிபந்தனையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியதால், மென்பொருளோடு இணைத்து வெளியிடப்படும் உரிம ஆவணத்திற்கு இருந்த ஒரு தடையும் விலகியது.

3. கல்வி என்ற காரணம்

பல்கலைக்கழகச் சூழலில் உரிமமற்ற படிகளுக்குச் சொல்லப்படும் பொதுவான நியாயம் ‘கல்விக்குத்தானே’ என்பது. இதற்கு ஓரளவு அடிப்படை உண்டு. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், டெல்லிப் பல்கலைக்கழக வளாக நகலகம் தொடர்பான வழக்கில், பாடத் தொகுப்புகளுக்காக நூற்பகுதிகளை நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஐ) பிரிவின் கீழ் ஏற்றது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை மறு ஆக்கம் செய்வது மீறலாகாது என்பது அப்பிரிவு.

நூலும் நிரலும் இலக்கியப் படைப்புகளே என்றால் இவ்விலக்கு நிரலுக்கும் பொருந்தாதா என்ற வினா எழுவது இயல்பு. ஆயின் ஆய்வாளர் தம் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வதற்காக ஒரு சொற்செயலியை நிறுவுவது கற்பித்தலின் போக்கில் நிகழும் மறு ஆக்கம் ஆகாது. அது கருவியைப் பயன்படுத்துவது. பூட்டை உடைத்த படியானால் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும் குறுக்கிடுகிறது. உரிமையை மீறும் நோக்குடன் தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தவிர்ப்பதற்கு இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு என்கிறது அப்பிரிவு.

நிரலுக்கென்றே சட்டம் தந்துள்ள விலக்குகள் வேறு. முறையாகப் பெற்ற படியை வைத்திருப்பவர் காப்புப்படி எடுக்கலாம். நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அதன் இயக்கத்தைக் கவனிக்கலாம், சோதிக்கலாம். பிற நிரல்களோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை, வேறு வழியில் எளிதிற் கிடைக்காதபோது, பெறலாம். வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டிற்குப் படியெடுக்கவும் தழுவவும் செய்யலாம். இவற்றில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருகிறது: முறையாக. முதற்படி முறையானதாக இல்லாதவருக்கு இவ்விலக்குகளில் எதுவும் கிட்டாது. இந்திய ஆய்வாளருக்குச் சட்டம் திறந்து வைத்துள்ள ஆராயும் உரிமையை உரிமமற்ற படி அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. இது கவனிக்கப்படாத இழப்பு.

தண்டனையைப் பொறுத்தவரை, 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 63பி பிரிவு மீறல் படியை அறிந்தே கணினியில் பயன்படுத்துவோரைப் பற்றியது. ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு இலட்ச ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. ஆதாயத்திற்காகவோ வணிகத்தின் போக்கிலோ பயன்படுத்தாதபோது சிறையைத் தவிர்த்து ஐம்பதாயிரத்திற்கு மேற்படாத தண்டம் மட்டும் விதிக்கவும் நீதிமன்றத்திற்கு இடமுண்டு. விற்பவரை மட்டுமே சட்டம் தேடும் என்ற பரவலான எண்ணத்திற்கு இப்பிரிவில் ஆதரவில்லை.

4. கட்டற்ற மென்பொருளிலும் மீறல் உண்டு

கட்டற்றது என்பதை நிபந்தனையற்றது என்று புரிந்துகொள்வது இரண்டாவது பிழை. க்னூ பொது உரிமத்தின் முதற் பதிப்பு 1989லும், இரண்டாம் பதிப்பு 1991லும், மூன்றாம் பதிப்பு 2007லும் வெளிவந்தன. இவ்வுரிமம் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதில்லை, பரப்புதலைக் கட்டுப்படுத்துகிறது. திருத்திய நிரலைப் பிறருக்கு அளிப்பவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் அளிக்க வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற இளக்கமான உரிமங்கள் இந்நிபந்தனையை வைப்பதில்லை. ஆக்கியோர் பெயரையும் உரிம வாசகத்தையும் காக்க வேண்டும் என்பதோடு பெரும்பாலும் அமைகின்றன. ஆக்கியோர் பெயரை நீக்கிவிட்டு எம்ஐடி உரிம நிரலைத் தம் ஆய்வுப் பணியாகக் காட்டுபவர் கருத்துத் திருட்டோடு பதிப்புரிமை மீறலையும் செய்கிறார். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். அவை பொதுச்சொத்து அல்ல, பெயர் குறித்தலும் அதே உரிமத்தில் பகிர்தலும் நிபந்தனைகளாக உள்ளவை.

இந்நிபந்தனைகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. 2003இல் லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி வகை வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்தது. ஜிபிஎல் கேட்கும் மூலநிரல் உடன் வெளியிடப்படவில்லை. அழுத்தத்திற்குப் பின் அது வெளியானபோது, அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் இன்று எத்தனையோ வகை ரவுட்டர்களில் இயங்குகிறது. 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், ஹரால்ட் வெல்ட்டே தொடுத்த வழக்கில் சைட்காம் நிறுவனத்திற்கு எதிரான தடையாணையை உறுதி செய்தது. நெட்ஃபில்டர் நிரலை ஜிபிஎல் நிபந்தனைகளைப் பின்பற்றாமல் பரப்பக் கூடாது என்பது அதன் சாரம்.

2008இல் அமெரிக்காவில் தீர்ப்பான ஜேக்கப்சன்–கேட்சர் வழக்கின் பொருள் சிறியது. பொம்மை இரயில்களை இயக்கும் ஒரு நிரல். தீர்ப்போ பெரியது. கட்டற்ற உரிமத்தின் விதிகள் வெறும் ஒப்பந்த வாக்குறுதிகளா, அல்லது உரிமத்தின் எல்லையை வகுக்கும் நிபந்தனைகளா என்பது வினா. நிபந்தனைகளே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அவற்றை மீறினால் பதிப்புரிமையையே மீறியதாகும். பணம் பெறாமல் வெளியிட்டவருக்கு இழப்பு ஏது என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. பெயர் பரவுதல், பிறர் செய்யும் திருத்தங்கள் திரும்பி வருதல் ஆகியவையும் பொருளியல் பயன்களே.

மீறலை இருவகை உரிமங்களும் நடத்தும் விதத்தில் வேறுபாடு உண்டு. தனியுரிமை மென்பொருளில் மீறலுக்குத் தீர்வு பணம். கட்டற்ற மென்பொருளில் தீர்வு நிபந்தனைக்கு உடன்படுதல். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்படி, முதன்முறை மீறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் குறையைச் சரிசெய்தால் உரிமம் அவருக்கு மீண்டும் கிடைத்துவிடும்.

5. மீறல் யாருக்கு இழப்பு?

பிஎஸ்ஏ என்னும் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு, 2017ஆம் ஆண்டில் இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களுள் 56 விழுக்காடு உரிமமற்றவை என்றது. உலக அளவில் அது 37 விழுக்காடு. இவ்வெண்கள் செய்திகளில் ‘இழப்பு’ என்றே எழுதப்படுகின்றன. உரிமமற்ற படியொன்றைக் கைவிட நேரும் ஒவ்வொருவரும் முழு விலை கொடுத்து வாங்குவார் என்று கொண்டால்தான் அது இழப்பாகும். உதவித்தொகையில் வாழும் ஆய்வாளர் அவ்வாறு வாங்குவார் என்று கொள்ள இயலாது. அவர்முன் உள்ள உண்மையான தேர்வு, உரிமமற்ற படியா அல்லது கட்டற்ற மாற்றா என்பதே.

இங்குதான் பொருளியல் ஆய்வுகள் வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றன. 1991இல் மேனேஜ்மென்ட் சயன்ஸ் இதழில் கான்னர், ருமெல்ட் இருவரும் எழுதிய கட்டுரை, பயனர் தொகை பெருகப் பெருக மதிப்பு கூடும் மென்பொருள்களில், படியெடுப்பதை அனுமதிப்பதே நிறுவனத்திற்கு ஆதாயமாகலாம் என்று காட்டியது. படியெடுத்தவரும் அந்தக் கோப்பு வடிவத்தையும் விசைப்பழக்கத்தையும் பரப்புகிறார். 1998இல் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசும்போது, அங்குள்ளோர் பணம் கொடாமல்தான் எடுப்பார்கள் என்றால் தம் நிறுவனத்தின் மென்பொருளையே எடுக்கட்டும், பின்னர் பணம் பெறும் வழி தெரியும் என்ற கருத்தில் பேசினார். 1976இல் கண்டித்தவரின் கணக்கு 22 ஆண்டுகளில் இவ்வாறு மாறியிருந்தது.

உரிமமற்ற படியின் விலை சுழியம். கட்டற்ற மாற்றின் விலையும் சுழியம். எனவே விலை என்ற தன் வெளிப்படையான வலுவைக் கட்டற்ற மென்பொருள் இழக்கிறது. எஞ்சுவது பழக்கம் மட்டுமே. பழக்கப் போட்டியில் முன்னரே பரவியது வெல்லும். எந்தச் சந்தையில் உரிமமற்ற படிகள் தாராளமாகக் கிடைக்கின்றனவோ அங்குக் கட்டற்ற மென்பொருளுக்கு இடம் குறுகும். ஆகவே மீறலைத் தனியுரிமைக்கு எதிரான ஏழையின் எதிர்ப்பாகப் போற்றும் பார்வை, விளைவைக் கருதும்போது நிற்காது.

தென்னிந்தியாவிலேயே இரு வேறு போக்குகளைக் காணலாம். கேரளம் தன் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின் மீது அமைத்தது. ஐடி@ஸ்கூல் திட்டமும் அதன் தொடர்ச்சியாக வந்த கைட் நிறுவனமும் தமக்கென லினக்ஸ் பதிப்பை உருவாக்கின. தமிழகத்தில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே வழங்கப்பட்டன. ஒரே கணினியில் இரண்டும் இருக்கும்போது எதனைத் திறப்பது என்பதைப் பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடிவு செய்கின்றன. வட்டில் இருப்பது மட்டும் போதாது. 2015இல் நடுவண் அரசு மின்னாளுகைக்குத் திறமூல மென்பொருளை முன்னுரிமையாகக் கருதும் கொள்கையை அறிவித்தது. அது அரசு அலுவலகங்களுக்கானது; ஆய்வேடு எழுதுவோரின் கணினியை எட்டவில்லை.

6. எழுத்துருவும் ஆய்வேட்டின் ஆயுளும்

தமிழுக்கே உரிய சிக்கல் எழுத்துருவில் உள்ளது. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் அமர்த்தப்பட்டன. நிறுவனத்திற்கு நிறுவனம் அமைப்பும் மாறியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய முறையில் அமைந்த கோப்பு அதற்குரிய எழுத்துரு இன்றிப் படிக்க இயலாதது. இலத்தீன் எழுத்தில் எழுதியவர் எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மாறும். தமிழ் ஆய்வாளர் எழுத்துருவை இழந்தால் உரையையே இழந்தார். ஆகவே கோப்போடு எழுத்துருவையும் படியெடுத்து அனுப்புவது சோம்பலால் வந்த பழக்கமன்று. குறியேற்றத்தின் அமைப்பே மீறலைத் தேவையாக்கியது.

சில தமிழ் மென்பொருள்கள் டாங்கிள் எனப்படும் பூட்டோடு விற்கப்பட்டன. கணினியின் பின்புறம் அதைச் செருகினால்தான் மென்பொருள் இயங்கும். அத்தகைய இணைமுகம் இன்றைய கணினிகளில் இல்லை. விற்ற நிறுவனம் மூடப்பட்டிருந்தால் மாற்றுப் பூட்டுத் தரவும் எவரும் இல்லை. முறையாக வாங்கியவரும் உரிமமற்றவரைப் போலவே நிற்கிறார். நிறுவனம் மறைந்தாலும் பதிப்புரிமை மறைவதில்லை. இந்தியச் சட்டப்படி இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு தொடர்கிறது. நாவலுக்கு வகுத்த அவ்வளவு பத்தாண்டில் பழமையாகிவிடும் நிரலுக்கும் பொருந்துவது பொருத்தமற்றது என்றே கூற வேண்டும். சந்தா முறையில் இது வேறு வடிவம் எடுக்கிறது. 2019 அக்டோபரில் அமெரிக்க அரசின் ஆணையொன்றைக் காட்டி, வெனிசுலாவிலுள்ள எல்லாப் பயனர் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் அனுமதி பெற்றுச் சேவை தொடர்ந்தது. பணம் செலுத்திய பயனரின் கையில் இருந்தது என்ன என்பதை அவ்வறிவிப்புக் காட்டியது.

எதிர்நிலை எடுத்துக்காட்டு லிப்ரேஆபிஸ். ஓப்பன்ஆபிஸை வைத்திருந்த சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்கு மாறியபின், அதன் வளர்ச்சியில் பங்கேற்றோர் 2010 செப்டம்பரில் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனித் திட்டமாகத் தொடர்ந்தனர். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அனுமதி உரிமத்திலேயே இருந்தது. பழைய ஆவணங்கள் இன்றும் திறக்கின்றன.

எழுத்துருக்களுக்கென எஸ்ஐஎல் அமைப்பு உருவாக்கிய திறந்த எழுத்துரு உரிமம் இவ்வகையில் தனியே அறியத்தக்கது. அவ்வுரிமத்தில் உள்ள எழுத்துருவைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். தனிப்பொருளாக விற்கக் கூடாது. திருத்திய வடிவத்திற்கு ஆக்கியோர் ஒதுக்கிய பெயரை இடக் கூடாது. ஆவணத்திற்குள் எழுத்துருவைப் பொதிந்தால் ஆவணம் அவ்வுரிமத்திற்கு உட்பட வேண்டியதில்லை என்றும் அது தெளிவாகக் கூறுகிறது. பிடிஎஃப் ஆக வெளியாகும் ஆய்விதழ்களுக்கு இவ்விதி முதன்மையானது. நோட்டோ தமிழ் எழுத்துருக்கள், லோகித் தமிழ், கட்டமரன், மீரா இனிமை ஆகியன இவ்வுரிமத்தில் கிடைக்கின்றன. விண்டோஸோடு வரும் லதா அவ்வாறன்று. அதன் கோப்பை வேறு கணினிக்கு அனுப்புவதற்கு விண்டோஸ் வாங்கியவருக்கும் உரிமையில்லை.

2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளுக்குப் பின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் சேர்கின்றன. பழைய எழுத்துருக்களில் உருவான தமிழ் ஆய்வேட்டுப் பிடிஎஃப் ஒன்றில் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஒரு பத்தியைப் படியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் விழும். தேடுபொறிக்கு அவ்வாய்வேடு தமிழில் இல்லை. அதனை மீட்க, அந்த எழுத்துருவின் எந்தக் குறியிடத்தில் எந்தத் தமிழ் எழுத்து உள்ளது என்ற அட்டவணை வேண்டும். ஓப்பன்-தமிழ் நிரற்றொகுப்பில் பல பழைய குறியேற்றங்களுக்கான இத்தகைய அட்டவணைகள் மூலநிரலாகவே உள்ளன. பட்டியலில் இல்லாத எழுத்துருவில் தம் ஆய்வேட்டை வைத்திருப்பவர் அட்டவணையைத் தாமே எழுதிச் சேர்க்கலாம். எம்ஐடி உரிமம் அதற்கு இடமளிக்கிறது.